பழைய வீட்டுக்குப் புது பாய்லர்

லண்டன் ஈஸ்ட்ஹாமில் எங்களுடையது நூறு வருடம் தாண்டிய சின்ன வரிசை வீடு. ஜனவரிக் குளிரில் பாய்லர் படுத்துவிட்டது. பார்க்க வந்தவர் 35 கிலோவாட் காம்பிதான் (குழாய்க்கு வெந்நீரும் அறைகளுக்குச் சூடும் சேர்த்தே தரும் பாய்லர்) சரி என்றார்.

எனக்குச் சந்தேகம். சமையலறைக் குழாயில் வாளியை வைத்துப் பிடித்துப் பார்த்தேன்: நிமிடத்துக்கு 10 லிட்டர்தான். அந்தத் தண்ணீரை 35 டிகிரி கூட்ட 24 கிலோவாட்டே ஏறக்குறையப் போதும். தெருக் குழாயில் வராததைப் பெரிய பாய்லர் எங்கிருந்து கொண்டுவரும்? அறைகளைச் சூடாக்க இன்னும் குறைவே தேவை. அதனால் தேவைக்கேற்பத் தீயை நன்றாகக் குறைத்து எரியும் 24-ஐ எடுத்தேன்.

அப்புறம், பாய்லருக்குள் ஆவி குளிர்ந்து சேரும் நீரை வெளியே விடும் குழாயை 32 மில்லிமீட்டராக்கி உறை போடச் சொன்னேன். பழையது உறைந்து, விடியற்காலையில் வெதுவெதுப்பான நீர் ஊற்றி இளக்கிய கூத்து போதும். அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டருக்குப் போகும் நீரை 60 டிகிரியில் வைத்திருக்கிறேன். வீடு கதகதப்பாகத்தான் இருக்கிறது.