மரவேலைக் கழகத்துக்குள் சிறு குழு: தொடங்கும்போதே நடந்துவிடும் தவறுகள்

அமெரிக்காவில் பல ஊர்களில் பொழுதுபோக்காக மரவேலை செய்பவர்களுக்கென்று கழகங்கள் உண்டு. கடைசல் பிடிப்பவர்களுக்கான, அதாவது இயந்திரத்தில் சுழலும் மரத்தை உளியால் கடைந்து உருவாக்குபவர்களுக்கான, தேசிய அமைப்பு 1986இல் தொடங்கியது. அதற்கு மட்டுமே இன்று 350க்கும் மேற்பட்ட உள்ளூர்க் கிளைகள் இருக்கின்றன. ஒஹாயோவில் நான் 11 வருடமாக உறுப்பினராக இருப்பது எல்லா வகை மரவேலைக்கும் பொதுவான ஒரு கழகம். சுமார் 120 பேர். மாதம் ஒருமுறை கூடுவோம், யாராவது செய்முறை காட்டுவார், அவரவர் செய்ததை மேசையில் வைத்துப் பார்ப்போம், காபி குடித்துவிட்டுக் கலைவோம்.

அந்த 120 பேரில் கடைசல் பிடிப்பவர் உண்டு, கத்தியால் பறவை செதுக்குபவர் உண்டு, நாற்காலி செய்பவர் உண்டு, பேரப்பிள்ளைகளுக்குப் பொம்மை செய்பவர் உண்டு. மாதத்துக்கு இரண்டு மணி நேரக் கூட்டம் இவர்களில் யாருக்குமே போதாது. அதனால்தான் கழகத்துக்குள் சிறு குழுக்கள் தேவைப்படுகின்றன. எங்கள் கழகத்தில் மூன்று முறை முயன்றோம், இரண்டு முறை தோற்றோம். இப்படியொரு குழுவைத் தொடங்க நினைப்பவர்களுக்கு அந்த அனுபவம் உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதல் தவறு படிவத்தில் தொடங்கியது. நிர்வாகக் குழு ஏழு தலைப்புகளை அச்சடித்து, பிடித்ததில் டிக் போடச் சொன்னது. 64 பேர் போட்டார்கள். எல்லாருக்கும் மகிழ்ச்சி. நான்கு மாதம் கழித்து ஏழில் ஒன்றுதான் மிச்சம். டிக் போடுவது ‘இது எனக்குப் பிடிக்கும்’ என்பதற்குத்தான் சாட்சி. ‘சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வண்டியை எடுத்துக்கொண்டு வருவேன்’ என்பதற்கு அது சாட்சி ஆகாது. அதே நேரத்தில், எந்தப் படிவத்திலும் இல்லாத ஒரு குழு நன்றாக நடந்துகொண்டிருந்தது. மூன்று பெரியவர்கள் வியாழன்தோறும் ஒருவர் வீட்டு கராஜில் உட்கார்ந்து மரக்கரண்டி செதுக்கிக்கொண்டிருந்தார்கள். யாரும் அவர்களைக் குழு என்று அழைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே புதிதாக எதையும் அறிவிப்பதற்கு முன்னால் சுற்றிப் பாருங்கள். கூட்டம் முடிந்த பிறகு யார் யாரோடு நின்று பேசுகிறார், யார் வீட்டுப் பட்டறைக்கு யார் போய்வருகிறார் என்று கவனியுங்கள். ஏற்கெனவே வேலை நடக்கும் இடத்துக்குப் போய், “இன்னும் மூன்று பேர் வரலாமா?” என்று கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள்.

இரண்டாவது தவறு, குழுவுக்குக் கருவியின் பெயரை வைப்பது. எங்கள் ‘கைக்கருவிக் குழு’ முதல் இரண்டு சந்திப்புகளில் ஸ்டான்லி நிறுவனத்தின் பழைய இழைப்புளிகளின் விலையைப் பற்றியே பேசியது. பேச்சு சுவையாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு சீவல்கூட விழவில்லை. மூன்றாவது முறை வந்தவர்கள் பாதிதான். பிறகு அதே ஆட்கள், நான்கு மாதத்தில் ஆளுக்கு ஒரு சின்னப் பெட்டி, மூலைகளில் புறாவால் இணைப்பு (புறாவின் வால் போல் விரிந்த பற்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்வது) என்று முடிவு செய்தார்கள். முதல் மாதம் உளி தீட்டுவது, இரண்டாம் மாதம் கோட்டை ஒட்டி ரம்பம் போடுவது, மூன்றாம் மாதம் இணைப்பு, நான்காம் மாதம் பசையும் மெருகும். பாதியில் நிற்கும் பெட்டி மேசையில் இருந்ததால் அடுத்த மாதமும் வந்தார்கள். செய்யப்போகும் பொருளைச் சொல்லிக் கூப்பிடுங்கள், ஆர்வம் உள்ளவர் தானாகத் தெரிந்துவிடுவார்.

எத்தனை பேர் என்பதை மேசை சொல்லட்டும்

எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிறது. குழுவில் எத்தனை பேர் இருக்கலாம் என்பதை ஆர்வத்தை வைத்து முடிவு செய்யக்கூடாது, வேலை நடக்கும் இடத்தை வைத்து முடிவு செய்ய வேண்டும்.

கடைசல் இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். உளியின் தீட்டிய சரிவு மரத்தில் எந்தக் கோணத்தில் படுகிறது என்பதைக் கண்ணால் பார்த்தால்தான் கற்க முடியும். இயந்திரத்தைச் சுற்றி ஆறு பேர் நின்றால் அது தெரியும். ஒன்பதாவது ஆள் முன்னால் நிற்பவரின் முதுகைத்தான் பார்ப்பார். செய்து பழகவும் இதே கணக்குதான். இரண்டு இயந்திரம், மூன்று மணி நேரம் என்றால் மொத்தம் ஆறு மணி நேரம். ஆறு பேருக்கு ஆளுக்கு ஒரு மணி கிடைக்கும். பன்னிரண்டு பேர் என்றால் அரை மணிதான். புதியவர் அரை மணியில் கிண்ணத்தின் வெளிப்புறத்தையே முடிக்க மாட்டார். ஒன்றும் முடியாமல் வீடு திரும்புபவர் மறுபடி வருவது அபூர்வம்.

செதுக்கலுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆளுக்கு ஒரு கத்தி, பாஸ்வுட் என்ற மென்மையான மரத்தில் கையடக்கக் கட்டை, வெட்டுப்படாத கையுறை, உட்கார நாற்காலி, இவை போதும். பன்னிரண்டு பேர் நீள மேசையைச் சுற்றி உட்காரலாம். மேசை, நாற்காலி மாதிரி பெரிய பொருள் செய்யும் குழுவுக்கு ஒரு கராஜில் ஐந்து பேரே அதிகம். கேட்பவர் அதிகமானால் குழுவைப் பெரிதாக்காமல், இரண்டாவது குழு தொடங்குங்கள்.

காலக் கணக்கிலும் இதே தவறு நடக்கிறது. எல்லாக் குழுவும் மாதம் ஒருமுறை கூட வேண்டும் என்று எங்கள் நிர்வாகம் ஒருமுறை விதி போட்டது. பச்சை மரத்தில் 10 அங்குலக் கிண்ணம் கடைபவர் முதலில் சுவரை 1 அங்குலத் தடிமனில், அதாவது விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு விட்டு, எடுத்து வைத்துவிடுவார். அது காய்வதற்குப் பல மாதங்கள் ஆகும். காயும்போது கோணிக்கொள்ளும். பிறகுதான் மறுபடி இயந்திரத்தில் ஏற்றி மெல்லிசாக்க முடியும். அந்தக் குழுவுக்கு இலையுதிர் காலத்தில் அடுத்தடுத்து மூன்று சனிக்கிழமைகளும், அடுத்த ஆண்டு இன்னும் மூன்றும் வசதி. செதுக்குபவர்களோ வாரந்தோறும் கூடத் தயார். மரம் காயும் வேகத்துக்கு நிர்வாகம் அட்டவணை போட முடியாது.

ஒரே ஆள், ஒரே கராஜ்

எங்கள் முதல் கடைசல் குழு நன்றாக நடந்தது. நடத்தியவருக்கு எழுபது வயதுக்கு மேல். இரண்டு இயந்திரமும் அவருடையவை, இடமும் அவருடையது, எல்லார் தொலைபேசி எண்ணும் அவரிடம்தான். முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் போனார். ஐந்து மாதம் நிற்க முடியவில்லை. அவர் குணமாகி வந்தபோது குழு இல்லை. யாரும் வேண்டுமென்று கலைக்கவில்லை. யாரை அழைப்பது, எங்கே கூடுவது என்று தெரியாமலே கரைந்துபோனது. அவருக்கு அது பெரிய மனவருத்தம், எனக்கும்தான். அந்தக் கராஜில்தான் நான் முதல் கிண்ணத்தைக் கடைந்தேன்.

தொடங்கும் நாளிலேயே பொறுப்பாளர் இருவர் இருக்க வேண்டும். இரண்டாமவர் வெறும் பெயருக்கு இருக்கக்கூடாது. மூன்று சந்திப்புக்கு ஒன்றையாவது அவர் தனியாக நடத்த வேண்டும், முடிந்தால் வேறு இடத்தில். தொடர்பு எண்கள் இருவரிடமும் இருக்கட்டும். இடம் தருபவருக்கு ஆகும் செலவையும் நினைத்துப் பாருங்கள். அவர் முந்தின இரவே காரை வெளியே எடுத்து நிறுத்துகிறார். மின்சாரம், உப்புத்தாள், பசை எல்லாம் அவர் கணக்கில் போகிறது. ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு இவற்றை ஈடுகட்டுங்கள். கடைசிச் சீவலைக் கூட்டி அள்ளாமல் யாரும் கிளம்பக்கூடாது. அந்த வீட்டில் இருப்பவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

அடுத்து காப்பீடு. கழகக் கூட்டத்துக்கு எடுத்த காப்பீடு ஒருவர் வீட்டில் நடக்கும் சந்திப்புக்கும் பொருந்தும் என்று நம்பிவிடாதீர்கள். பாலிசிக்குப் பாலிசி இது மாறும். முதல் சந்திப்புக்கு முன்பே காப்பீட்டு முகவரிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, பெரிய கூட்டத்தில் இருக்கும் ஒழுங்கு நண்பர்கள் நாலு பேர் சேரும் இடத்தில் தளர்ந்துவிடுகிறது. ‘நமக்குள்தானே’ என்ற எண்ணம்தான் காரணம். கடைசலில் மரத்தின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதால் பெருக்கினால் 6,000க்கும் 9,000க்கும் இடையில் வர வேண்டும் என்பது பலரும் பின்பற்றும் கணக்கு. 10 அங்குலக் கிண்ணத்துக்கு 600 முதல் 900 சுற்று. இதைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். கடைபவர் மட்டும் முழு முகக்கவசம் போட்டால் போதாது. சுழலும் மரத்தின் விளிம்புக்கு நேரே யாரையும் நிற்க விடாதீர்கள், ஏனென்றால் கிண்ணம் உடைந்தால் அந்தத் திசையில்தான் பறக்கும். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது, அதனால் தூசுக் கவசம் ஒவ்வொருவருக்கும் வேண்டும். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள். எண்ணெய் உலரும்போது உண்டாகும் சூடு வெளியேற வழியில்லாமல் அது தானாகத் தீப்பிடிக்கும். விரித்து வெளியில் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய மூடியுள்ள உலோக டப்பாவில் போடுங்கள்.

இனி, மனம் சம்பந்தப்பட்ட ஒரு தவறு. எங்கள் கழகத்தில் பெண்கள் குறைவு. கடைசல் குழுவுக்கு இருவர் வந்தார்கள், மூன்றாவது சந்திப்போடு நின்றுவிட்டார்கள். ஏன் என்று பிறகு கேட்டபோது ஒருவர் சொன்னார்: “நான் தடுமாறும்போதெல்லாம் யாராவது என் கையிலிருந்து உளியை வாங்கிச் செய்துகாட்டினார்கள். கடைசியில் அந்தக் கிண்ணத்தை நான் செய்யவே இல்லை.” உதவுகிறோம் என்று நினைத்துத்தான் அதைச் செய்தோம். நானும் செய்திருக்கிறேன். இப்போது எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கற்றுக்கொடுப்பவர் தன் கையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வாயால் சொல்ல வேண்டும். ஆபத்து வந்தால் மட்டும் இயந்திரத்தை நிறுத்த வேண்டும். செய்து காட்டியே ஆக வேண்டும் என்றால் வேறொரு கட்டையில் காட்ட வேண்டும்.

புதியவரை மிரட்டும் இன்னொன்று சொற்கள். எனக்கே அந்த அனுபவம் உண்டு. எங்கள் ஊர்த் தச்சுப் பட்டறையில் அங்குலத்தில் எட்டில் ஒன்றை ‘ஒரு நூல்’ என்பார்கள். இங்கே வந்த புதிதில் அளவு, இணைப்பு, கருவி எல்லாவற்றுக்கும் தெரியாத பெயர்கள். யாரோ ஒருவர் பொறுமையாகக் கருவியைக் கையில் கொடுத்துப் பெயர் சொன்னதால்தான் நான் தங்கினேன். முதல் அரை மணியைப் பெயர்களுக்கு ஒதுக்குங்கள்.

பொம்மை செய்யும் குழுவுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. அமெரிக்க மரைன் படையின் ரிசர்வ் பிரிவு நடத்தும் ‘டாய்ஸ் ஃபார் டாட்ஸ்’ என்ற திட்டம் 1947 முதல் ஏழைக் குழந்தைகளுக்குக் கிறிஸ்துமஸ் பொம்மைகள் சேகரிக்கிறது. மரக்கார் செய்து தரும் கழகங்கள் உண்டு. நல்ல காரியம் என்பதற்காகச் சோதிக்காமல் விடக்கூடாது. 3 வயதுக்குக் கீழான குழந்தைக்குரிய பொம்மையில் 1.25 அங்குல விட்டமுள்ள சோதனைக் குழாய்க்குள் முழுதாக அடங்கிவிடும் எந்தத் துண்டும் இருக்கக்கூடாது, கழன்று வரும் சக்கரமும் அச்சாணியும் உட்பட. பெயின்ட்டில் ஈயத்துக்கும் வரம்பு உண்டு. அப்புறம், எண்ணிக்கை இலக்கு வைக்காதீர்கள். 300 கார் என்று இலக்கு வைத்த ஆண்டில் எங்கள் குழு தொழிற்சாலையாகிவிட்டது. ஜனவரியில் யாரும் வரவில்லை.

தாய்க் கழகத்தோடு உள்ள தொடர்பை விட்டுவிடுவதும் தவறுதான். பொதுக்கூட்டம் நடக்கும் வாரத்தில் குழுச் சந்திப்பு வைக்காதீர்கள். தனிக் கணக்கு, தனிச் சந்தா வேண்டாம். குழுவில் செய்ததை, பாதி முடிந்ததானாலும், பொதுக்கூட்ட மேசைக்குக் கொண்டுவாருங்கள். அடுத்த உறுப்பினர் அங்கிருந்துதான் வருவார்.

கடைசியாக, முடிவுத் தேதி இல்லாமல் தொடங்குவது. இருவர் மட்டும் வரும் குழுவை எட்டு மாதம் இழுத்துக்கொண்டிருந்திருக்கிறோம். நிறுத்தினால் தோல்வி என்று தோன்றியதுதான் காரணம். இப்போது எந்தக் குழுவையும் ஆறு சந்திப்புக்குத்தான் தொடங்குகிறோம். ஆறாவது முடிந்ததும் தொடர்வதா என்று கேட்போம்.

இந்த முறை ஓடிக்கொண்டிருப்பது முக்காலிக் குழு. ஐந்து பேர், பொறுப்பாளர் இருவர், இரண்டு கராஜ் மாற்றி மாற்றி. பாதியில் நின்ற அந்தப் பெண்களில் ஒருவர் திரும்பி வந்திருக்கிறார். நான்கு சந்திப்பு முடிந்து, மூன்று முக்காலிகளுக்குக் கால் பொருத்தியாகிவிட்டது. அடுத்த சனிக்கிழமை மற்ற இரண்டும்.