‘ஃபைன்’ என்ற சொல்லை எங்கே, எப்படிப் போடுவது?

‘ஃபைன்’ என்றதும் நமக்கு முதலில் ஞாபகம் வருவது அபராதம்தான். அது பெயர்ச்சொல். இங்கே பேசப்போவது பெயரடையைப் பற்றி. (இரண்டுக்கும் வேர் ஒன்றுதான், ‘முடிவு’ என்று பொருள்படும் ‘ஃபீனிஸ்’ என்ற லத்தீன் சொல். பணத்தைக் கட்டினால் விவகாரம் முடிந்தது, ஒரு வேலையைக் கடைசிவரை இழைத்து முடித்தால் அது உயர்வானது.)

அகராதியில் ‘நல்ல’ என்று பார்த்துவிட்டு எல்லா இடத்திலும் இதைப் போட்டால் மாட்டிக்கொள்வீர்கள், ஏனென்றால் அந்தச் சொல் எங்கே நிற்கிறது என்பதில்தான் பாதி அர்த்தம் இருக்கிறது. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நின்றால் பாராட்டு: ‘ஷி இஸ் எ ஃபைன் சிங்கர்’ என்றால் அருமையான பாடகி. அதையே ‘ஹெர் சிங்கிங் வாஸ் ஃபைன்’ என்று கடைசியில் வைத்தால், ஏதோ பரவாயில்லை, அவ்வளவுதான். ஒருவர் ஆசையாகச் சமைத்துப் போட்டதைச் சாப்பிட்டுவிட்டு ‘இட் வாஸ் ஃபைன்’ என்று சொல்லிவிடாதீர்கள், முகம் வாடிப்போகும். முன்னால் நின்றும் குத்துவது உண்டு: ‘எ ஃபைன் ஃப்ரெண்ட் யு ஆர்!’ நம் ‘நல்ல ஆளுப்பா நீ!’ மாதிரியே.

நலம் விசாரித்தால் ‘ஐ அம் ஃபைன்’ போதும். ‘வெரி ஃபைன்’ என்று பலர் சொல்கிறார்கள், காதில் இடறும். அழுத்தம் வேண்டுமென்றால் ‘ஜஸ்ட் ஃபைன்’ அல்லது ‘அப்சல்யூட்லி ஃபைன்’. உடம்பு சரியில்லையென்றால் ‘நாட் ஃபைன்’ வேண்டாம், ‘நாட் வெல்’ இயல்பு. அப்புறம், காபி வேண்டுமா என்று கேட்டதற்கு ஒருவர் ‘ஐ அம் ஃபைன், தேங்க்ஸ்’ என்றால் அவர் நலத்தைச் சொல்லவில்லை, வேண்டாம் என்கிறார். மெசேஜில் வெறும் ‘ஃபைன்’ என்று ஒற்றைச் சொல்லும் முற்றுப்புள்ளியும் வந்தால், பெரும்பாலும் அது ‘சரி, உன் இஷ்டம்’ என்ற கோபம்.

இன்னொரு பொருள் சன்னமானது, நுண்ணியது. ‘ஃபைன் சாண்ட்’ என்றால் சன்னமான மணல், ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் கிடக்கும் நிபந்தனைகள் ‘ஃபைன் பிரின்ட்’, 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவுமான காற்றுத் துகள்கள் ‘ஃபைன் பார்ட்டிகிள்ஸ்’. இந்தப் பொருளில் ‘வெரி’ தாராளமாகப் போடலாம். ‘ஃபைன் ஆர்ட்ஸ்’ நுண்கலை ஆனது எனக்குப் பிடித்த மொழிபெயர்ப்பு, நம் ‘நுண்’ணிலும் சிறுமையும் நயமும் சேர்ந்தே இருக்கின்றன.

‘இட் ஒர்க்ஸ் ஃபைன்’ என்பதில் கடைசியில் ‘லி’ சேர்க்காதீர்கள். ‘ஃபைன்லி’ என்பது பொடியாக நறுக்குவதற்கு. ‘கடைசியாக’ என்று சொல்ல வேண்டியது ‘ஃபைனலி’.