மேசையில் ஒரு எக்ஸ் கார்டு வையுங்கள்

மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகச் சேர்ந்து கதை சொல்லும் டேபிள்டாப் ரோல்பிளேயிங் விளையாட்டில் அடுத்து என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியாது. அதுதான் அதன் சுவை. ஆனால் ஒருவரை நிஜமாகவே நோகடிக்கும் காட்சியும் திடீரென்று வந்து நிற்கலாம். அதற்கு ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் உருவாக்கிய எக்ஸ் கார்டு அருமையான வழி. சின்ன அட்டையில் பெரிதாக எக்ஸ் குறி போட்டு, எல்லோர் கைக்கும் எட்டும்படி மேசை நடுவில் வையுங்கள். யாராவது அதைத் தொட்டால் அந்த விஷயத்தைக் கதையிலிருந்து எடுத்துவிட வேண்டும். சிலந்திக் கூட்டம் துரத்துகிறதா? சரி, இனி அவை ஓநாய்கள். ஏன் என்று கேட்கவே கூடாது. காரணம் சொல்ல வேண்டும் என்றால் பலர் தொடவே மாட்டார்கள். கதையை நடத்திச் செல்லும் கேம் மாஸ்டரே முதலில் ஏதாவது சின்ன விஷயத்துக்குத் தொட்டுக் காட்டினால் மற்றவர்களின் தயக்கம் குறையும்.

அப்புறம், எது கதையில் வரவே கூடாது, எது வந்தாலும் விவரிக்காமல் கடந்துவிட வேண்டும் என்று ஆட்டம் தொடங்கும் முன்பே பேசிவையுங்கள். புதியவர்கள் எல்லோர் முன்னாலும் சொல்லக் கூச்சப்படுவார்கள். தனித்தனியாக எழுதி வாங்கி, யார் எழுதியது என்று சொல்லாமல் படித்துக்காட்டுவது மேல். ஆன்லைனில் ஆடுகிறீர்கள் என்றால், சாட்டில் எக்ஸ் என்று தட்டினாலே போதும்.