பனிமனிதனுக்கு வியர்க்கக் கூடாது: கப்கேக்கில் ஃபாண்டன்ட் அலங்காரம்

கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு பன்னிரண்டு கப்கேக்குகளை அலங்கரித்து, கெட்டுவிடக் கூடாதே என்று குளிர்சாதனப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்துவிட்டுப் படுத்தேன். மறுநாள் விருந்தினர் வந்த பிறகு வெளியே எடுத்தேன். பத்தே நிமிடத்தில் பனிமனிதர்கள் அத்தனை பேருக்கும் வியர்த்துவிட்டது. கண்ணில் வைத்த கறுப்பு கன்னத்தில் வழிந்தது. சிவப்புக் கழுத்துத் துணியின் சாயம் வெள்ளை வயிற்றில் இறங்கியது. "இவர் ஏன் அழுகிறார்?" என்று ஒரு குழந்தை கேட்டது. என்னிடம் பதில் இல்லை.

இப்போது இருக்கிறது. ஃபாண்டன்ட் என்பது கேக்கின் மேல் போர்த்தவும் உருவங்கள் செய்யவும் மாவு போலப் பிசையும் இனிப்புக் கலவை. அது ஏறக்குறைய முழுவதும் சர்க்கரை. சர்க்கரை ஈரத்தை இழுக்கும். குளிர்ந்த பொருளை வெளியே எடுத்தால் காற்றிலுள்ள ஈரம் அதன் மேல் துளித்துளியாகப் படியும். அதைக் குடித்து ஃபாண்டன்ட் பிசுபிசுக்கும். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் கைப்பழக்கம்.

கப்கேக் சுடத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். காகிதக் கிண்ணத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் மாவு ஊற்றாதீர்கள். முழுவதும் ஆறிய பிறகே அலங்காரத்தைத் தொடங்குங்கள். மேடாக உப்பியிருந்தால் கத்தியால் சீவிவிடுங்கள்.

பன்னிரண்டு கப்கேக்குகளுக்கு 500 கிராம் வெள்ளை ஃபாண்டன்ட் தாராளமாகப் போதும். அடியில் பூச 100 கிராம் வெண்ணெயும் 200 கிராம் ஐசிங் சர்க்கரையும் அடித்த பட்டர்கிரீம். முதல் முறை செய்பவர்கள் ஃபாண்டன்டைக் கடையில் வாங்கிவிடுங்கள். வீட்டிலேயே செய்துதான் தீருவேன் என்பவர்கள் 225 கிராம் மார்ஷ்மெல்லோவை இரண்டு மேசைக்கரண்டித் தண்ணீருடன் உருக்கி, சுமார் 450 கிராம் ஐசிங் சர்க்கரையைச் சிறிது சிறிதாகச் சேர்த்துப் பிசைந்து, இறுகச் சுற்றி ஓர் இரவு வைக்கலாம். சுவை நன்றாக இருக்கும். ஆனால் முதல் நாளே இரண்டு போராட்டங்கள் எதற்கு?

கருவிகளில் எனக்குப் பிடிவாதம் உண்டு. பூரிக்கட்டை, வட்டமான எஃகு அச்சு, மெல்லிய தூரிகை, பல்குத்தும் குச்சி ஆகியவை போதும். இருபது துண்டுகள் கொண்ட அலங்காரக் கருவிப் பெட்டியை நானும் வாங்கினேன். அதில் இன்றுவரை பயன்படுவது ஒன்றே ஒன்று. அழுத்தித் தள்ளும் பிளாஸ்டிக் அச்சுகளும் வேண்டாம். சின்ன இலைகள் அதற்குள்ளேயே ஒட்டிக்கொண்டு கிழியும். பனிச்செதில் (ஸ்னோஃபிளேக்) வடிவத்துக்கு மட்டும் சிலிகோன் அச்சு வாங்கலாம்.

முதலில் நிறம். திரவ நிறமிகளைத் தொடாதீர்கள், அவை தண்ணீர். ஜெல் நிறமியைக் குச்சி நுனியில் தொட்டு, ஃபாண்டன்டில் கோடு போல இழுத்து, மடித்து மடித்துப் பிசையுங்கள். கையில் ஒட்டினால் துளி ஷார்ட்டனிங் (வனஸ்பதி போன்ற கெட்டிக் கொழுப்பு) தடவிக்கொள்ளலாம். பச்சை எளிதில் வந்துவிடும். சிவப்புதான் படுத்தும். எவ்வளவு சேர்த்தாலும் இளஞ்சிவப்பிலேயே நிற்கும். நாம் பொறுமை இழந்து மேலும் ஊற்றுவோம். கடைசியில் நிறமும் வராது, உருண்டையும் குழைந்துவிடும். நடுத்தரச் சிவப்பு வந்ததும் நிறுத்திவிட்டு, காற்றுப் புகாமல் மூடி ஓர் இரவு விடுங்கள். நிறம் தானாக ஆழமாகும். சிவப்பையும் கறுப்பையும் மட்டும் நிறம் சேர்த்த ஃபாண்டன்டாகவே வாங்குவது இன்னும் நல்லது. நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

அடுத்து விரிப்பது. மேடையில் கார்ன்ஃப்ளாரை மெல்லத் தூவி, 3 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேயுங்கள். ஒவ்வொரு முறையும் கால்வட்டம் திருப்பினால் அடியில் ஒட்டாது. தேவையான அளவை மட்டும் எடுத்து, மீதியை உடனே கிளிங் ஃபிலிமில் சுற்றிவிடுங்கள். ஐந்து நிமிடம் திறந்து கிடந்தாலும் மேல்தோல் காய்ந்து யானைத்தோல் போல வெடிக்கும். வெடித்தால் துளி ஷார்ட்டனிங் தொட்டுப் பிசைந்தால் சரியாகும்.

வட்டத்தின் அளவை ஊகிக்காதீர்கள். கப்கேக்கின் மேல் ஒரு நூலை விளிம்பிலிருந்து விளிம்புவரை படிய வைத்து அளந்துபாருங்கள். சீவிய பிறகும் லேசான மேடு இருக்கும் என்பதால், நேராக அளப்பதைவிட நூல் சற்று நீளமாக வரும். அதுதான் அச்சின் அளவு. பட்டர்கிரீமை மெல்லிசாகப் பூசி, வட்டத்தை நடுவில் வைத்து, உள்ளங்கையால் மையத்திலிருந்து விளிம்பை நோக்கித் தடவிவிடுங்கள். கிரீம் அதிகமானால் விளிம்பில் பிதுங்கும்.

உருவங்களுக்கு வெறும் ஃபாண்டன்ட் போதாது, தொய்ந்துவிடும். 250 கிராமுக்கு ஒரு தேக்கரண்டி சிஎம்சி தூள் (உணவில் சேர்க்கும், இறுக்கம் தரும் தூள்) கலந்து பிசைந்தால் இறுகிக் காயும். அதே தூளில் கால் தேக்கரண்டியை இரண்டு மேசைக்கரண்டித் தண்ணீரில் போட்டு ஓர் இரவு விட்டால் பசை தயார். பனிமனிதனுக்கு இரண்டு உருண்டைகள். நடுவே பல்குத்தும் குச்சி வேண்டாம், சமைக்காத ஸ்பகெட்டித் துண்டைச் செருகுங்கள். அது உண்ணும் பொருள்தான்; ஆனாலும் கடினமாக இருக்கும், குழந்தைகளுக்குக் கொடுக்கும் முன் எடுத்துவிடுங்கள். ஹாலி இலைக்கு (கிறிஸ்துமஸ் அலங்காரத்தில் வரும், ஓரம் முள்ளான பச்சை இலை) தனி அச்சு தேவையில்லை. கண் வடிவில் ஓர் இலையை வெட்டி, ஐசிங் நாசிலின் (கிரீம் பிழியும் கூம்புக் குழாய்) வட்ட முனையால் ஓரத்தை அங்கங்கே கடித்தெடுப்பது போல நறுக்கினால் முள் முள்ளாக வந்துவிடும். நடுவில் ஒரு நரம்பைக் கீறி, பூரிக்கட்டையின் மேல் வளைத்துக் காயவிட்டால் உயிருள்ள இலை போலச் சுருண்டு நிற்கும். சிவப்பு ஃபாண்டன்டில் உருட்டிய மூன்று மணிகளை ஒட்டினால் முடிந்தது.

உருவங்களை இரண்டு மூன்று நாள் முன்னதாகவே செய்து காயவையுங்கள். கப்கேக்கின் மேல் பரிமாறும் அன்றுதான் ஒட்ட வேண்டும். சிவப்பு வெள்ளையில் இறங்காமலிருக்க இதுவே வழி. ஒட்டுவதற்குத் தூரிகையில் பசை தொட்டால் போதும். நனைந்தால் உருவம் வழுக்கி ஓடும்.

முடித்தவற்றைக் குளிர்ச்சியான, உலர்ந்த இடத்தில் அட்டைப்பெட்டிக்குள் வையுங்கள். கிரீம் காரணமாகக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தே ஆக வேண்டும் என்றால், அட்டைப்பெட்டியை ஒட்டி மூடி வையுங்கள். வெளியே எடுத்த பின் திறக்காதீர்கள். பெட்டி அறையின் சூட்டுக்கு வரும்வரை காத்திருந்தால் ஈரம் பெட்டியின் வெளிப்புறத்தில் படிந்து போய்விடும். மீறி வியர்த்துவிட்டால் விரலால் தொடாமல், துணியால் ஒற்றாமல், மின்விசிறிக்குக் கீழே விட்டுவிடுங்கள். தானாகக் காயும்.

பின்சேர்க்கை: விப்பிங் கிரீமின் மேல் ஃபாண்டன்ட் போட்டு அது கரைந்துவிட்டதாக மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். கரையத்தான் செய்யும்; அந்தக் கிரீமில் ஈரம் அதிகம். பட்டர்கிரீம் பிடிக்காதவர்கள் வடிகட்டிய ஜாமை லேசாகச் சூடாக்கி மெல்லிசாகத் தடவலாம்.

இன்னொரு பின்சேர்க்கை: சைவம் சாப்பிடுபவர்களுக்குக் கொடுப்பதாக இருந்தால் பொட்டலத்தில் எழுதியிருப்பதைப் படியுங்கள். மார்ஷ்மெல்லோவில் பொதுவாக ஜெலட்டின் இருக்கும். சில ஃபாண்டன்ட்களிலும் உண்டு. இதை முதலிலேயே எழுதாதது என் தவறு. பச்சை இலையில் வெள்ளையாகத் திட்டுத் திட்டாகத் தெரிகிறது என்றவருக்கு: அது கார்ன்ஃப்ளார். உலர்ந்த தூரிகையால் தட்டிவிட்டு, துளி ஷார்ட்டனிங்கை விரலில் தேய்த்துத் தடவுங்கள். தண்ணீர் தொட்டுத் துடைத்தால் திட்டு போய்விடும், அந்த இடம் பசையாகிவிடும்.