இற்றுப்போன மரக்கேட்: செய்யக்கூடாத வேலைகள்

தோட்டத்து மரக்கேட் பெரும்பாலும் கீழிருந்துதான் கெட ஆரம்பிக்கும். மழைத்தண்ணீர் பலகை வழியாக வழிந்து கீழ்ச்சட்டத்தில் நிற்கும். மண் தெறித்து ஒட்டிக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை தாண்டும்போது கீழோரத்தில் பெயின்ட் அப்பளம் மாதிரி உப்பியிருந்தால், உள்ளே மரம் இற்றுக்கொண்டிருக்கலாம்.

அதைப் பார்த்ததும் பலரும் லேசாகச் சுரண்டிவிட்டு இன்னொரு கோட் பெயின்ட் அடித்துவிடுவார்கள். நானும் ஒரு தீபாவளிக்கு முன்னால் அதைத்தான் செய்தேன். கேட் பளபளவென்று இருந்தது. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது பார்த்தால், கீழ்ச்சட்டத்தில் கட்டைவிரல் போகிற அளவுக்குக் குழி. உள்ளே இருந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் நானே அடைத்து வைத்திருக்கிறேன். மரத்தைத் தின்னும் பூஞ்சைக்குச் சுமார் 20 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் வேண்டும். மரம் நன்றாகக் காய்ந்துவிட்டால் அது வளராது. அதனால் இந்த வேலையை மாசி, பங்குனியில் வைத்துக்கொள்வது நல்லது.

எவ்வளவு தூரம் கெட்டிருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. ஸ்க்ரூடிரைவர் முனையால் அங்கங்கே குத்திப் பாருங்கள். நல்ல மரம் முனையைத் தடுக்கும், இற்ற மரத்தில் நனைந்த ரஸ்க்கில் போகிற மாதிரி இறங்கும். அந்த மெத்தென்ற பகுதியைப் பாதி விட்டுவைத்து அதன் மேலேயே புட்டி அப்பினால், பிடிமானம் இல்லாமல் அடுத்த மழையில் கட்டியாகப் பெயர்ந்து வரும். கெட்டி மரம் தட்டுப்படும் வரை உளியால் எடுத்தே ஆக வேண்டும். சுவருக்கு வாங்கிய புட்டி மிச்சம் இருக்கிறதே என்று அதைப் பூசுகிறவர்களும் உண்டு. மரம் மழையில் ஊதும், வெயிலில் சுருங்கும். சுவர்ப் புட்டி அதற்கு வளைந்துகொடுக்காமல் விரிசல் விடும். சின்னக் குழிக்கு இரண்டு பாகமாகக் கலக்கும் எபாக்ஸி போதும். குழி பெரிதென்றால் அந்தத் துண்டையே வெட்டி எடுத்துவிட்டுப் புது மரம் ஒட்டிவிடுங்கள்.

ஒட்டுகிற இடத்தை வெளிப்பக்கம் சாய்வாக வெட்டினால் தண்ணீர் தங்காது. புதுத் துண்டு காய்ந்த மரமாக இருக்கட்டும். “தேக்குதான் சார்” என்று வெள்ளை ஓடிய துண்டைக் கடையில் நீட்டுவார்கள், வாங்காதீர்கள். தேக்கிலும் வைரம் பாய்ந்த உள்பகுதிதான் மழையைத் தாங்கும்; பட்டையை ஒட்டிய வெள்ளைப் பகுதி சீக்கிரம் இற்றுவிடும், கரையானும் அதைத்தான் முதலில் தேடும். சாதாரண வெள்ளைப் பசை மழையில் இளகிவிடும் என்பதால் தண்ணீர் தாங்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள். இரும்பாணி துருப்பிடித்து மரத்தையும் கறுக்க வைக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அல்லது பித்தளை ஸ்க்ரூ போடுங்கள்.

கரையானுக்குப் பழைய என்ஜின் ஆயில் பூசுவது நம் ஊரில் வழக்கம். அதன் மேல் பெயின்ட் பிடிக்காது, மழையில் கழுவி வந்து செடி மண்ணையும் கெடுக்கும். கரையான் ஏறி வருவது மண்ணிலிருந்து. தூணில் மண்கோடு இருக்கிறதா என்று பார்க்காமல் கேட்டை மட்டும் சரிசெய்து பலனில்லை.

கேட் தொங்கிப்போயிருந்தால் குறுக்கே சாய்வாக அடித்த கட்டையைப் பாருங்கள். கீல் பக்கத்துக் கீழ் மூலையிலிருந்து தாழ்ப்பாள் பக்கத்து மேல் மூலைக்கு அது ஏற வேண்டும். தலைகீழாக அடித்திருந்தால் பாரம் மூட்டுகளை இழுத்துப் பிரிக்கும், பிரிந்த இடுக்கில் தண்ணீர் இறங்கும். எங்கள் தெருவிலேயே இப்படி இரண்டு கேட் இருக்கிறது.

கடைசியாக, கேட்டைக் கழற்றாமல் பெயின்ட் அடிக்காதீர்கள். நின்றபடி அடித்தால் அடிவிளிம்புக்குப் பிரஷ் போகாது. பலகையின் வெட்டுமுனைதான் தண்ணீரை அதிகமாக உறிஞ்சும் இடம். கழற்றிப் படுக்கப் போட்டு, அந்த முனைகள் குடிக்கிற வரை பிரைமர் கொடுங்கள். திரும்ப மாட்டும்போது தரைக்கு மேலே இரண்டு அங்குலம் இடைவெளி விடுங்கள். பூனை நுழையும்தான், நுழைந்துவிட்டுப் போகட்டும்.