கண்ணை மூடிக்கொண்டு பந்து பிடிக்கும் பிள்ளைகள்

பயிற்சிக்கு வந்திருக்கும் இளம் உடற்கல்வி ஆசிரியர் ஒருவர், போன வாரம் தொடக்கநிலை 1 பிள்ளைகளுக்கு 7-ஆம் எண் கூடைப்பந்துகளை எடுத்துக் கொடுத்தார். எனக்கு வயிறு கலங்கியது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அதையேதான் செய்தேன்.

புதிதாக உடற்கல்வி எடுப்பவர்கள் செய்யும் தவறுகள் சிலவற்றைச் சொல்கிறேன். ஷூ லேஸ், தண்ணீர்ப் புட்டி எல்லாம் உங்களுக்கே தெரியும். விட்டுவிடுகிறேன்.

பெரியவர்கள் பந்து

7-ஆம் எண் பந்து ஆண்கள் ஆட்டத்துக்கானது. அரைக் கிலோவுக்கு மேல் எடை, சுற்றளவு ஏறத்தாழ 75 சென்டிமீட்டர். ஆறேழு வயதுக் கைக்கு அது பூசணிக்காய்.

புதிதில் அன்று நான் மெதுவாகத்தான் போட்டேன். பந்து ஒரு பையனின் இரு கைகளுக்கும் நடுவே நழுவிப்போய் மூக்கில் இடித்தது. கொஞ்சம் ரத்தம், கொஞ்சம் அழுகை, ஐந்து நிமிடத்தில் சரியாகிவிட்டது. அப்படித்தான் நினைத்தேன். அடுத்த வாரத்திலிருந்து எந்தப் பந்து வந்தாலும் கைகளை விறைப்பாக நீட்டி, முகத்தைத் திருப்பி, கண்ணை மூடிக்கொண்டான். நானோ, “பந்தைப் பாரு, பந்தைப் பாரு” என்று கத்திக்கொண்டிருந்தேன். அடி வாங்கியவன் எப்படிப் பார்ப்பான்? கண் தானாக மூடிக்கொள்வது உடம்பின் தற்காப்பு, அது பிடிவாதமில்லை. இது எனக்கு உறைக்கவே ஒரு பருவம் ஆனது. அந்தப் பயத்தைப் போக்க மீதி வருடம் முழுக்கப் போனது.

பெரிய பந்துக்குப் பதில் முதலில் பலூன் கொடுங்கள். மெல்ல இறங்குவதால் கண் பின்தொடர நேரம் கிடைக்கும். (மண்டபத்துக்குள் மட்டும், வெளியே காற்று கொண்டுபோய்விடும். ரப்பர் ஒவ்வாமை உள்ள பிள்ளை இருந்தால் கடற்கரைப் பந்து.) அப்புறம் பீன்பேக் (மணிகள் நிரப்பிய சின்னத் துணிப்பை), அது உருண்டு ஓடாது, விரல்களுக்குள் அடங்கும். அதன்பிறகு ஸ்பாஞ்ச் பந்து, அதுவும் தரையில் ஒருமுறை எம்பி வருவதுபோல. அவசரம் வேண்டாம். சிங்கப்பூரில் எத்தனையோ வீவக (அரசாங்க அடுக்குமாடி வீட்டு) புளோக்குகளின் கீழ்த்தளத்தில் பந்து விளையாடக்கூடாது என்று பலகை இருக்கிறது. பந்தைத் தொட்டே பழகாமல் பள்ளிக்கு வரும் பிள்ளைகளும் உண்டு.

நீண்ட வரிசை

30 பிள்ளைகள், மூன்று வரிசை, மூன்று பந்து. அரை மணி நேரத்தில் ஒரு பிள்ளையின் கையில் பந்து இருப்பது 3 நிமிடம். மீதி நேரம் முன்னால் நிற்பவனைக் கிள்ளுவதற்கு.

பந்தை அறைவது

தட்டிக்கொண்டு ஓடும்போது உள்ளங்கை வேண்டாம். விரல் நுனிச் சதையால் தள்ளச் சொல்லுங்கள். ‘பளார்’ என்று சத்தம் கேட்டால் தப்பு.

‘அவுட்’ ஆட்டங்கள்

யாருக்குப் பயிற்சி அதிகம் வேண்டுமோ அவன்தான் முதலில் போய் உட்காருவான்.