மாடு கன்று வீசினால் நாம் செய்யும் தவறுகள்

தமிழ்நாடு-கேரள எல்லையில் கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம் பக்கம் ஏழு மாதச் சினை மாடு கன்று வீசிவிட்டால், அதாவது சினை கலைந்து கன்று விழுந்துவிட்டால், "வழுக்கி விழுந்திருக்கும்" என்பார்கள். இல்லையென்றால் வெயில். இருக்கலாம். ஆனால் ஐந்து மாதம் தாண்டிய சினை கலைந்து, நஞ்சுக்கொடியும் விழாமல் நின்றால் புருசெல்லோசிஸ் என்கிற கன்று வீச்சு நோயைச் சந்தேகப்பட்டே ஆக வேண்டும். இது மனிதருக்கும் தொற்றும் பாக்டீரியா நோய்.

பெரிய தவறு அடுத்த அரை மணி நேரத்தில் நடக்கிறது. வீட்டு அம்மா வெறுங்கையால் நஞ்சை இழுத்தெடுப்பார். செத்த கன்று வாய்க்கால் ஓரம் போகும், ராத்திரி நாய் அதைப் பக்கத்துத் தோட்டத்துக்கு இழுத்துப் போகும். கிருமி மண்டிக்கிடப்பது அந்த நஞ்சிலும் பனிக்குட நீரிலும்தான். கையில் ஒரு சிராய்ப்பு போதும். தயவுசெய்து தொடாதீர்கள். கால்நடை டாக்டரைக் கூப்பிடுங்கள். அவர் மாதிரி எடுத்த பிறகு, கையுறை போட்டுக்கொண்டு, சுண்ணாம்பு தூவி ஆழமாகப் புதையுங்கள். மற்ற சினை மாடுகளைத் தள்ளிக் கட்டுங்கள்.

அப்புறம் பரிசோதனை. வெள்ளை டைலில் மாட்டின் ரத்தத்திலிருந்து பிரித்த சீரம் ஒரு சொட்டு, ஒரு சொட்டு ரோஸ் பெங்கால் திரவம். கலந்து ஆட்டும்போது நான்கு நிமிடத்துக்குள் இளஞ்சிவப்பாகத் திரிதிரியாகத் திரண்டால் பாசிட்டிவ். கன்று வீசிய கையோடு எடுத்த ரத்தம் நெகட்டிவ் என்று வந்ததும் பலர் நிம்மதியாகி விடுகிறார்கள். ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் ஏற நாளாகும். மூன்று வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். பால் சொசைட்டியில் பல மாடுகளின் பால் கலந்த கேனில் செய்யும் வளையச் சோதனை, நோய் இருக்கலாம் என்று மட்டும் காட்டும், எந்த மாடு என்று சொல்லாது. சீம்பாலும் மடிநோய்ப் பாலும் அதைக் குழப்பும்.

இந்த நோய்க்கான எஸ்19 தடுப்பூசி 4 முதல் 8 மாதக் கிடேரிக் கன்றுக்கு மட்டும், ஆயுளுக்கு ஒரு முறை. சினை மாட்டுக்குப் போட்டால் சினையே கலையலாம்.

பாசிட்டிவ் மாட்டைச் சந்தையில் தள்ளிவிடுவதுதான் என்னை மிகவும் வருத்துவது. வாங்குகிறவர் எல்லைக்கு அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ, அவர் வீட்டிலும் குழந்தைகள் பால் குடிப்பார்கள். காய்ச்சாத பாலில் இந்தக் கிருமி உயிரோடு இருக்கும்.

வாரக்கணக்கில் ஏறி இறங்கும் காய்ச்சல், கொட்டும் வியர்வை, மூட்டுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனால், வீட்டில் மாடு கன்று வீசியதை டாக்டரிடம் சொல்லுங்கள். வளைகுடாவில் ஒட்டகம் மேய்த்து, பச்சைப் பால் குடித்துவிட்டு ஊர் திரும்பியவர்களும் அதைச் சொல்ல வேண்டும், ஒட்டகத்துக்கும் இதே நோய் உண்டு.